பனிக்கால நகரத்தில் வேலைக்குப் போய் வருவது: முந்தின இரவிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

நடுத்தர அளவு நகரங்களில் வாழ்கிறவர்கள் கோடையில் ஒரு பெருமை பேசுவார்கள்: “இங்கே எங்கே போனாலும் இருபது நிமிஷம்தான்.” பொய்யில்லை. ஆனால் முதல் பனி விழுந்ததுமே அந்தக் கணக்கு செல்லாக்காசாகிவிடும். அதே பாதை, அதே தூரம், இன்று ஐம்பது நிமிடம். நாளை முப்பது. அதற்கடுத்த நாள் இருபத்திரண்டு. தினமும் ஒரே அளவு நெரிசல் இருந்தால்கூடச் சமாளித்துவிடலாம். இன்றைக்கு எவ்வளவு ஆகும் என்று சொல்ல முடியாததுதான் தொல்லை.

பத்துப் பன்னிரண்டு பனிக்காலங்களை இப்படியே ஓட்டிக் கழித்தவன் நான். அதில் எனக்குப் பட்டது, வண்டி ஓட்டும் சாமர்த்தியம் இரண்டாம்பட்சம் என்பதே. காலை எட்டு மணிப் பயணம் எப்படி அமையும் என்பது முந்தின இரவு ஒன்பது மணிக்கே பாதி முடிவாகிவிடுகிறது. அதனால் இந்த வழிகாட்டியில் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கே ஐந்து படிகள் தாண்ட வேண்டியிருக்கும். கார் இல்லாதவர்களுக்கான பகுதி பின்னால் வருகிறது. அவர்களும் முதல் இரண்டு படிகளைப் படித்துவிடுவது நல்லது.

படி 1: உங்கள் பாதையைத் துண்டு துண்டாகப் பாருங்கள்

பனி பெய்தால் நகரம் முழுக்க ஒரே நேரத்தில் சுத்தமாகாது. பனி வாரும் வண்டிகளுக்கு ஒரு வரிசை உண்டு: முதலில் நெடுஞ்சாலைகளும் பேருந்து ஓடும் பெரிய சாலைகளும், பிறகு அவற்றோடு சேரும் நடுத்தரச் சாலைகள், கடைசியில்தான் குடியிருப்புத் தெருக்கள். கடைசி என்றால் சில ஊர்களில் இரண்டு நாள், பெரிய பொழிவுக்குப் பிறகு அதற்கும் மேல். பல நகராட்சிகள் இந்த வரிசையை வரைபடமாகவே இணையத்தில் போட்டிருக்கும். உங்கள் தெரு எந்த வகையில் வருகிறது என்று பனிக்காலம் தொடங்குவதற்கு முன்பே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது. கோடையில் சந்து பொந்து வழியாகப் போய் நான்கு நிமிடம் மிச்சம் பிடித்திருப்பீர்கள். பனியில் அந்தக் குறுக்குவழியை மறந்துவிடுங்கள். சுற்றுவழியானாலும் பேருந்து போகும் சாலையே வேகம். போனில் இருக்கும் வரைபடச் செயலி, பெரிய சாலையில் நெரிசல் என்று சொல்லி உங்களை உள்தெருவுக்குள் திருப்பப் பார்க்கும். அந்தத் தெருவில் முழங்கால் அளவு பனி கிடப்பது அதற்குத் தெரியாது.

அடுத்து, குறுகும் இடங்கள். நடுத்தர நகரத்தில் மாற்றுவழி குறைவு. ஆற்றைக் கடக்க இரண்டு மூன்று பாலங்கள், ரயில் பாதையைத் தாண்ட ஓரிரு கடவுகள், அவ்வளவுதான். பாலத்தில் ஒரு கார் சறுக்கிக் குறுக்கே நின்றால் நகரத்தின் ஒரு பாதி அப்படியே உறைந்து நிற்கும். போதாததற்கு, மண் மேல் கிடக்கும் சாலைக்கு அடியிலிருந்து கொஞ்சம் சூடு கிடைக்கும். பாலத்துக்கோ மேலும் கீழும் குளிர்காற்று. அதனால் மற்ற சாலைகள் ஈரமாக மட்டும் இருக்கும்போதே பாலம் ஐஸாகிவிடும். உங்கள் பாதையில் எத்தனை பாலங்கள், ஏற்றத்தின் நடுவில் நிற்கச் சொல்லும் சிக்னல் எத்தனை என்று எண்ணி வையுங்கள். ஏற்றத்தில் நின்று புறப்படுவதைத் தவிர்க்க ஒரு கிலோமீட்டர் சுற்றலாம், தப்பில்லை.

ஒரு மாதம் பயண நேரத்தைக் குறித்து வையுங்கள்: சாலை காய்ந்திருக்கும் நாள், பனி பெய்துகொண்டிருக்கும் நாள், பெய்து முடிந்த மறுநாள் என்று அட்டவணையில் மூன்று பத்தி போதும். பத்தாவது வரி வருவதற்குள் உங்களுக்கே ஒரு கணக்கு பிடிபட்டுவிடும். சராசரியைப் பார்க்காதீர்கள், மோசமான நாள் எவ்வளவு எடுத்தது என்று பாருங்கள். அலாரம் வைக்க வேண்டியது அதற்குத்தான்.

படி 2: வானிலை அறிக்கையில் எதைப் பார்ப்பது

எத்தனை சென்டிமீட்டர் பனி என்பதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். எத்தனை மணிக்கு விழுகிறது, அப்போது வெப்பநிலை என்ன என்பதுதான் பயணத்தைத் தீர்மானிக்கும். நள்ளிரவில் 10 சென்டிமீட்டர் விழுந்தால் காலைக்குள் பெரிய சாலைகளை வாரிவிடுவார்கள். காலை ஏழு மணிக்கு 3 சென்டிமீட்டர் விழுந்தால் வாரும் வண்டியும் உங்களோடு அதே நெரிசலில்தான் நிற்கும்.

வெப்பநிலைக்கு வருவோம். குளிர் அதிகமாக ஆக வழுக்கலும் அதிகமாகும் என்று புதிதாக வந்தவர்கள் நினைப்பதுண்டு. நடப்பது தலைகீழ். ஐஸ் மிக அதிகமாக வழுக்குவது 0 டிகிரியை ஒட்டி, அதன் மேல் மெல்லிய நீர்ப்படலம் இருக்கும்போது. மைனஸ் 20-இல் டயருக்குக் கொஞ்சம் பிடிமானம் இருக்கும். இறுகிய பனி மேல் நடந்தால் ‘கிறீச் கிறீச்’ என்று சத்தமே வரும். பகலில் 2 டிகிரி, இரவில் மைனஸ் 3 என்று அறிக்கை சொன்னால் அதைக் கண்டுதான் நான் பயப்படுவேன். பகலில் உருகிய நீர் இரவில் உறைந்து, சாலையின் நிறத்திலேயே கண்ணாடி மாதிரி படிந்திருக்கும். கறுப்பு ஐஸ் என்பது அதுதான். ஐஸ் உண்மையில் கறுப்பல்ல, அடியில் இருக்கும் தார் தெரிகிறது.

உப்புக்கும் எல்லை உண்டு. சாலையில் தூவும் சாதாரண உப்பு மைனஸ் 9, 10 டிகிரி வரைதான் உருப்படியாக வேலை செய்யும். அதற்குக் கீழே மிக மெதுவாகத்தான் உருக்கும். அந்த நாட்களில் மணலோ சிறு ஜல்லியோ தூவுவார்கள், அல்லது கால்சியம் குளோரைடு போன்றவற்றைக் கலப்பார்கள். மணல் எதையும் உருக்காது, பிடிமானம் மட்டும் தரும். ஆகவே மைனஸ் 20 நாளில் “உப்பு போட்டிருப்பார்கள்” என்று நம்பிப் போகாதீர்கள்.

‘காற்றோடு சேர்ந்த குளிர்’ என்று தனியாக ஒரு எண் சொல்வார்களே, அது மனிதத் தோலுக்கான கணக்கு. வெப்பநிலை மைனஸ் 15, காற்றோடு மைனஸ் 28 என்றால் கார் மைனஸ் 15-க்குக் கீழே போகாது. சீக்கிரம் ஆறிவிடும், அவ்வளவே. ஆனால் மூடாமல் விட்ட உங்கள் காதும் மூக்கும் பத்து முதல் முப்பது நிமிடத்தில் உறைந்து போகலாம். பேருந்துக்காக நிற்பவர்கள் பார்க்க வேண்டிய எண் அது.

உறைமழை என்ற வார்த்தை அறிக்கையில் வந்தால் மேற்கொண்டு படிக்க வேண்டாம். மழையாக விழுந்து, தொட்ட இடத்தில் ஐஸாகும் அந்த நாளுக்கு எந்த டயரும் தீர்வில்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய வழியிருந்தால் செய்யுங்கள்.

படி 3: வண்டி

முதலில் டயர். கோடை டயரின் ரப்பர் சுமார் 7 டிகிரிக்குக் கீழே இறுகத் தொடங்கும். பனி டயரின் ரப்பர் குளிரிலும் மென்மையாகவே இருக்கும், வித்தியாசம் அதில்தான். மூன்று சிகரமுள்ள மலைக்குள் ஒரு பனித்துகள் வரைந்த சின்னம் டயரின் பக்கவாட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். நான்கையும் மாற்றுங்கள். காசை மிச்சம் பிடிக்க முன்னால் இரண்டு மட்டும் மாட்டினால், வளைவில் முன்பக்கம் திரும்பும், பின்பக்கம் தன் வழியில் போகும். பல நாடுகளில் இது சட்டமும்கூட: கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை பனி டயர் கட்டாயம்.

நான்கு சக்கர இழுவை உள்ள வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது புறப்பட உதவும். நிறுத்த உதவாது. பனி நாளில் பள்ளத்தில் கிடக்கும் பெரிய வண்டிகளைப் பார்த்தால் புரியும்.

குளிரக் குளிர டயரில் காற்றழுத்தம் இறங்கும், ஏறக்குறைய 5, 6 டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ வீதம். முதல் கடுங்குளிர்க் காலையில் எச்சரிக்கை விளக்கு எரிந்தால் பஞ்சர் என்று பதற வேண்டாம்; காற்றைச் சரிபார்த்து நிரப்புங்கள்.

பேட்டரி மைனஸ் 18-இல் தன் வலிமையில் பாதிக்கு மேல் இழந்துவிடும், அதே நேரம் கெட்டியான ஆயிலோடு இன்ஜினைச் சுழற்ற அதிக சக்தி தேவைப்படும். நான்கைந்து வருடப் பழைய பேட்டரியை இலையுதிர் காலத்திலேயே சோதித்துவிடுங்கள். மைனஸ் 20-க்குக் கீழே போகும் ஊர்களில் கார்களின் முன்பக்கம் ஒரு பிளக் தொங்குவதைப் பார்க்கலாம். இன்ஜினைச் சூடாக்கும் ஹீட்டர் அது. இரவு முழுக்க ஓட வேண்டியதில்லை. புறப்படுவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு தானாக இயங்கும்படி ஒரு டைமர் போட்டால் போதும். மின்சாரக் கார் என்றால், சார்ஜரில் மாட்டியிருக்கும்போதே உள்ளே சூடாக்கிவிடுங்கள். கடுங்குளிரில் ஓடும் தூரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேலும் குறையலாம். அந்தச் சூட்டையும் பேட்டரியிலிருந்தே எடுத்தால் இன்னும் வீண்.

கண்ணாடி கழுவும் திரவம் மைனஸ் 40 வரை தாங்கும் வகையாக இருக்கட்டும். கோடைத் திரவம் தொட்டியில் மிச்சமிருந்தால் அடித்துத் தீர்த்துவிட்டு ஊற்றுங்கள். இல்லாவிட்டால், முன்னால் போகும் லாரி உப்புச் சேற்றை வாரி இறைத்த நொடியில் கண்ணாடியில் தெளித்த திரவம் அப்படியே உறையும். எனக்கு நடந்திருக்கிறது. ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஓரத்துக்கு வந்து சேர்ந்தேன்.

டிக்கியில் சின்ன மண்வாரி, மணல் ஒரு பை, ஜம்பர் கேபிள், போர்வை, பழைய கையுறை. பெட்ரோல் பாதிக்குக் கீழே போக விடாதீர்கள்.

படி 4: இரவு ஒன்பது மணி

ஐந்து நிமிட வேலைதான். முதலில் பார்க்கிங் தடை. பெரிய பொழிவு முடிந்ததும் குறிப்பிட்ட தெருக்களில் இரவில் வண்டி நிறுத்தக்கூடாது என்று பல நகரங்கள் அறிவிக்கும். மீறினால் அபராதம், வண்டியையும் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நகராட்சியின் குறுஞ்செய்திச் சேவை இருந்தால் பதிந்துகொள்ளுங்கள்.

பிறகு வைப்பர்களைத் தூக்கி நிறுத்துங்கள். பிளக்கை மாட்டுங்கள். பனி சுரண்டும் கட்டையையும் துடைப்பத்தையும் வீட்டுக்குள் கொண்டு வாருங்கள். கதவு உறைந்து திறக்காத காலையில், அவை காருக்குள் பத்திரமாக இருந்து ஒரு பயனும் இல்லை. கதவு ரப்பரில் சிலிக்கோன் தடவியிருந்தால் அந்தத் தொல்லையும் குறையும்.

படி 5: காலை, புறப்படும் முன்

இதற்குப் பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். வாசலைச் சுத்தம் செய்து நிமிரும்போது பனி வாரும் வண்டி வந்து, தெருப் பனியையெல்லாம் உங்கள் வாசலுக்குக் குறுக்கே மதில் மாதிரி தள்ளிவிட்டுப் போகும். திட்டிப் பயனில்லை. அந்தப் பனி இறுகினது, கனமானது. உருகி உறைவதற்குள் வாரிவிடுங்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடித்து, கொஞ்சம் கொஞ்சமாக. இதயக் கோளாறு இருப்பவர்கள் இந்த வேலையை வேறு யாரிடமாவது விட்டுவிட வேண்டும். கடுங்குளிரில் திடீரென்று பளு தூக்குவது மாரடைப்பைக் கொண்டு வரலாம்.

காரின் மேல்கூரைப் பனியையும் தள்ளுங்கள். முன்கண்ணாடியில் சின்ன ஜன்னல் அளவுக்குச் சுரண்டிவிட்டு ஓட்டுபவர்கள் உண்டு. முதல் பிரேக்கில் கூரைப் பனி மொத்தமாகச் சரிந்து அந்த ஜன்னலையும் மூடும். இறுகிக் கிடக்கும் ஐஸ் மேல் வெந்நீர் ஊற்றாதீர்கள், கண்ணாடி விரிசல் விடும். புகைபோக்கி பனியில் புதைந்திருந்தால் இன்ஜினை இயக்கும் முன் தோண்டி எடுங்கள். கார்பன் மோனாக்சைடு வண்டிக்குள்ளேயே திரும்பி வரும். மூடிய கராஜுக்குள் வண்டியைச் சூடாக்கவே கூடாது.

உள்ளே உட்கார்ந்ததும் கண்ணாடி உள்பக்கமாக மூடுபனி பிடிக்கும். ஷூவில் ஒட்டி வந்த பனி மிதியடியில் உருகுகிறது, உங்கள் மூச்சிலும் ஈரம். ஹீட்டரோடு ஏசியையும் போடுங்கள்! பனிக்காலத்தில் ஏசியா என்று சிரிக்க வேண்டாம். காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சுவது அதன் வேலை. உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை எடுக்கும்படி வையுங்கள்.

படி 6: சாலையில்

எல்லாவற்றையும் மெதுவாகச் செய்யுங்கள். முடுக்குவது, திருப்புவது, நிறுத்துவது மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யாதீர்கள். வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட்டு, வளைவில் திருப்ப மட்டும் செய்யுங்கள். ஐஸ் மேல் வண்டி நிற்க எடுக்கும் தூரம் காய்ந்த சாலையைவிடப் பத்து மடங்கு வரை ஆகலாம். முன்வண்டி ஒரு கம்பத்தைத் தாண்டியதிலிருந்து எண்ணுங்கள். நீங்கள் அங்கே வர எட்டு, பத்து நொடியாவது ஆக வேண்டும். வேகத்தைத் தானே ஒரே அளவில் வைத்திருக்கும் க்ரூஸ் கண்ட்ரோலைத் தொடாதீர்கள்.

அவசரமாகப் பிரேக் அடித்தால் ஏபிஎஸ் (சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் பிரேக் அமைப்பு) உள்ள வண்டியில் பெடல் காலுக்கடியில் கடகடவென்று அதிரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள். அழுத்தியபடியே இருங்கள், ஸ்டியரிங் உங்கள் பேச்சைக் கேட்கும். சறுக்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு, போக வேண்டிய திசையைப் பார்த்துத் திருப்புங்கள். இடிக்கப்போகும் கம்பத்தையே பார்த்தால் கை தானாக அங்கேதான் திரும்பும். ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் அனுமதியுள்ள காலி மைதானத்தில் வேண்டுமென்றே பிரேக் அடித்துப் பழகிப் பாருங்கள். அந்த அதிர்வை முதல்முறையாகச் சந்திக்கும் இடம் சந்திப்பாக இருக்கக் கூடாது.

சந்திப்புகள்தான் பனிக்காலத்தின் கெட்ட இடங்கள். நூற்றுக்கணக்கான வண்டிகள் நின்று நின்று புறப்பட, சுழலும் டயர்கள் பனியைத் தேய்த்துப் பளிங்காக்கிவிடும். கடுங்குளிரில் வண்டிப் புகையின் ஈரம் உறைந்து, சிக்னலைச் சுற்றி வெள்ளை மூட்டமாகவே தொங்கும். மூலைகளில் குவித்த பனிமேடு குறுக்கே வரும் காரையும், கடக்க நிற்கும் குழந்தையையும் மறைக்கும். பச்சை விழுந்ததும் இரண்டு நொடி பொறுங்கள்; குறுக்குச் சாலையில் சிவப்புக்கு நிற்க முடியாமல் யாராவது சறுக்கிக்கொண்டே வரலாம்.

சிக்னல் விளக்கிலும் ஒரு வேடிக்கை. பழைய பல்புகள் சூடாகும், முகத்தில் அப்பிய பனி தானே உருகும். இப்போதுள்ள எல்இடி விளக்குகளுக்கு அந்தச் சூடு இல்லை. காற்றடிக்கும் பனியில் மூன்று விளக்குமே மூடிப்போய், எது எரிகிறது என்றே தெரியாமல் போவதுண்டு. அப்போது நான்கு பக்கமும் நின்று போக வேண்டிய சந்திப்பாக நினைத்துக்கொண்டு கடந்து போங்கள்.

என் முதல் பனிக்காலத்தில், அலுவலகத்தில் எனக்கு மூத்த ஒரு அண்ணன் தினமும் என்னோடு காரில் வருவார். ஒருநாள் விடியற்காலையில் பக்கத்துத் தெருவிலிருந்து பெரிய சாலைக்குத் திரும்பக் காத்திருக்கிறோம். சிவப்பு மாறவே இல்லை. மூன்று நிமிடம், நான்கு நிமிடம். அவர் சிரித்துக்கொண்டே, “தம்பி, இன்னும் ரெண்டடி முன்னால போ. நீ வந்து நிக்கறதே சிக்னலுக்குத் தெரியாது” என்றார். நகர்த்தினேன், கொஞ்ச நேரத்தில் பச்சை. சாலைக்கு அடியில் புதைத்த கம்பிச் சுருள்தான் வண்டி நிற்பதை உணர்ந்து சொல்கிறது. நிறுத்தக்கோடு பனிக்கடியில் மறைந்துபோனதால் நான் அதற்குப் பின்னாலேயே நின்றிருக்கிறேன். கோடு தெரியாவிட்டால் சிக்னல் கம்பத்தையும், நடப்பவர்கள் கடக்கும் இடத்தையும் வைத்துக் குத்துமதிப்பாக நில்லுங்கள்.

பனி வாரும் வண்டியை முந்தாதீர்கள். அதன் பின்னால் இருப்பதுதான் அந்தச் சாலையிலேயே நல்ல இடம்.

படி 7: பேருந்தில் போகிறவர்களுக்கு

பனி நாளில் பேருந்து தாமதமாகும், பிறகு இரண்டு பேருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும். முதல் வண்டி தாமதமாக ஆக நிறுத்தத்தில் கூட்டம் சேரும், ஏற்ற இன்னும் நேரமாகும். பின்னால் வருவது காலியாக ஓடி வந்து அதைப் பிடித்துவிடும். முதலாவது பிதுங்கி வழிந்தால், செயலியில் அடுத்தது பக்கத்தில் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு விட்டுவிடுங்கள்.

மாறி ஏறும் பயணம்தான் ஆபத்து. அரை மணிக்கு ஒரு பேருந்து ஓடும் ஊரில் நான்கு நிமிட இடைவெளியை நம்பினால் பனி நாளில் அது நிச்சயம் தவறும். வழக்கமானதற்கு முந்தைய பேருந்தைப் பிடியுங்கள், அல்லது கொஞ்சம் கூடுதலாக நடந்தாலும் ஒரே பேருந்தில் போய்ச் சேரும் வழியைத் தேடுங்கள். மாறித்தான் ஆக வேண்டும் என்றால், கட்டடத்துக்குள் நின்று காத்திருக்கக்கூடிய இடத்தில் மாறுங்கள். போனை உள்சட்டைப் பையில் வையுங்கள். 40 சதவீதம் காட்டிய பேட்டரி குளிரில் பொட்டென்று அணைந்துவிடும், டிக்கெட்டும் அதில்தான் இருக்கும்.

படி 8: நடையும் சைக்கிளும்

உடலை ஒட்டிப் பருத்தி வேண்டாம். வியர்வையைப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு நடுங்க வைக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை, அதன் மேல் சூடு காக்கும் ஒன்று, வெளியே காற்றைத் தடுக்கும் ஒன்று. ஐஸ் மேல் அடி சின்னதாக, பாதம் முழுவதும் தரையில் பட, கையைப் பையிலிருந்து எடுத்துவிட்டு நடங்கள். ஷூவுக்கு மாட்டும் முள்பட்டை மலிவானது, கையெலும்பு முறிவு அப்படியில்லை. போகும்போதும் இருட்டு, வரும்போதும் இருட்டு என்ற மாதங்களில், கறுப்புக் கோட்டில் ஒரு ஒளிரும் பட்டையாவது இருக்கட்டும்.

மைனஸ் 15-இல் சைக்கிளா என்றால், பின்லாந்தின் வடக்கே ஔலு என்ற நடுத்தர நகரத்தில் அது சாதாரணம். 2013-இல் குளிர்கால சைக்கிள் மாநாடு முதன்முறையாக நடந்ததும் அங்கேதான். அவர்கள் வித்தையெல்லாம் பாதையைக் கவனிப்பதில் இருக்கிறது: சைக்கிள் பாதைகளைச் சீக்கிரமே வாரிவிடுகிறார்கள், மேலே மிஞ்சும் பனியைச் சீராக இறுக்கி வைக்கிறார்கள். உங்கள் ஊரில் அந்தப் பாதை பனி கொட்டும் இடமாக மாறியிருந்தால், உங்கள் மன உறுதியை நான் சந்தேகிக்கவில்லை, பேருந்தில் போங்கள். பாதை நன்றாக இருந்தால் ஆணி பதித்த டயர், கொஞ்சம் குறைந்த காற்றழுத்தம், தினமும் சங்கிலியில் எண்ணெய்.

படி 9: பனி உருகும்போது

குளிர் முடிந்தது என்று எல்லோரும் தளரும் நேரத்தில்தான் சாலை கெடும். விரிசலுக்குள் இறங்கிய நீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் விரிகிறது. தினமும் உருகி, தினமும் உறைந்து, தாரை அடியிலிருந்து பெயர்க்கிறது. தேங்கிய நீர் குட்டையா குழியா என்று பார்த்தால் தெரியாது. முன்வண்டி எங்கே ஒதுங்குகிறது என்று பாருங்கள். குழி தவிர்க்க முடியாததென்றால் அதற்கு முன்பே வேகத்தைக் குறைத்து, பிரேக்கை விட்டு உருண்டு போக விடுங்கள். அழுத்தியபடி இறங்கினால் அடி முழுவதும் ரிம்மில் விழும்.

சூடான ஒரு மதியத்தில் வண்டியின் அடிப்பக்கத்தைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், உப்பு தங்கினால் துரு பிடிக்கும். காலை வெப்பநிலை தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல் நிற்கத் தொடங்கியதும் பனி டயரைக் கழற்றலாம். கழற்றும்போது எது முன் இடது, எது பின் வலது என்று சாக்பீஸால் எழுதி வையுங்கள். அடுத்த இலையுதிர் காலத்தில் மாட்டும்போது முன்னதையும் பின்னதையும் இடம் மாற்றிக்கொள்ளலாம், தேய்மானம் சமமாகும். மண்வாரியை மட்டும் இன்னும் மூன்று வாரம் டிக்கியிலேயே விட்டு வையுங்கள்.